காய்ச்சலோடு வந்த பிள்ளையும் போனை எடுக்காத அம்மாவும்

1906 ஜூன் மாதக் கடைசியில் நியூயார்க் நகரின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் தாய்மார்கள் பள்ளிக்கூடங்களை முற்றுகையிட்டார்கள். ஆயிரக்கணக்கில் திரண்டு வந்து கல்லெறிந்தார்கள், சன்னல் கண்ணாடிகளை உடைத்தார்கள், பிள்ளைகளை வெளியே விடச் சொல்லிக் கதறினார்கள். உள்ளே டாக்டர்கள் குழந்தைகளின் கழுத்தை அறுத்துப் பள்ளி வளாகத்திலேயே புதைக்கிறார்கள் என்று தெருத்தெருவாக வதந்தி பரவியிருந்தது. நடந்தது வேறு. மூக்குக்குப் பின்னால் வளரும் அடினாய்டு சதையால் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, காது மந்தமாகி, பாடத்தில் பின்தங்கியிருந்த சில பிள்ளைகளுக்கு, ஒரு பள்ளியில் மருத்துவர்களை வரவழைத்து அந்தச் சதையை நீக்கியிருந்தார்கள். அந்தச் செய்தி வாய்க்கு வாய் மாறிப் போனபோது கழுத்தறுப்பாக ஆகிவிட்டது.

அந்தத் தாய்மார்களில் பெரும்பாலோர் ரஷ்யப் பேரரசிலிருந்து தப்பி வந்த யூதப் பெண்கள். 1903இல் கிஷினேவ், 1905இல் ஒடெஸா என்று அங்கே நடந்த படுகொலைகளில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களும் அவர்களிடையே இருந்தார்கள். பியாலிஸ்டாக் நகரத்துப் படுகொலை நடந்தது அதே ஜூன் மாதம்தான். அதிகாரம் உள்ளவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கொல்லக்கூடும் என்பது அவர்களுக்கு வெறும் கற்பனையாகத் தோன்றியிருக்காது. அவர்களை அறியாமை பிடித்தவர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் பள்ளிச் சுகாதாரம் என்ற துறை தொடங்கிய காலத்திலிருந்து இன்றுவரை விடாமல் துரத்தும் கேள்வி அந்தத் தெருவில்தான் நின்றது. பிள்ளையின் உடம்பு பகலெல்லாம் பள்ளியின் பொறுப்பில் இருக்கிறது. அதன்மேல் உரிமையும் அச்சமும் வீட்டில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் யார் போய்ப் பேசுவது?

அதற்கு ஒரு விடை அந்தக் கலவரத்துக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, அதே பகுதியில் கிடைத்திருந்தது. நியூயார்க் பள்ளிகளுக்கு மருத்துவர்கள் வந்து பிள்ளைகளைச் சோதிக்கும் முறை 1897இல் தொடங்கியது. மருத்துவர் வருவார், வரிசையில் நிற்கவைத்துக் கண்ணையும் தலையையும் தோலையும் பார்ப்பார். டிரகோமா என்ற கண்நோய், பேன், படர்தாமரை, சிரங்கு, சொறி என ஏதாவது தென்பட்டால் ஒரு சீட்டு எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அத்தோடு அவர் வேலை முடிந்தது. இத்திஷ் மட்டுமே தெரிந்த தாய்க்கு ஆங்கிலச் சீட்டு என்ன சொல்லும்? சொன்னாலும், மருந்து வாங்கக் காசும் மருத்துவமனைக்குப் போக ஒரு பகலும் வேண்டுமே. பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட பிள்ளைகள் சாயங்காலம் அதே வகுப்புத் தோழர்களோடு தெருவில் விளையாடினார்கள். நோய் பரவியபடியே இருந்தது, படிப்பு மட்டும் நின்றது. லிலியன் வால்ட் என்ற செவிலியர் அந்தப் பகுதியில் நடத்திவந்த ஹென்றி தெரு இல்லத்துக்கு இப்படியொரு சிறுவன் வந்து சேர்ந்தான். வயது 12, தலையில் ஆறாத புண். பள்ளிக்குப் போகும்போதெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டதால் படிப்பே இல்லாமல் வளர்ந்திருந்தான். களிம்பு வாங்கித் தடவி, எப்படித் தடவுவது என்று வீட்டாருக்கும் சொல்லிக்கொடுத்ததில் புண் ஆறியது. பையன் பள்ளியில் சேர்ந்தான்.

1902 அக்டோபரில் வால்ட் தன் செவிலியர்களில் ஒருவரை நகர நிர்வாகத்துக்கு ஒரு மாதத்துக்குக் கடனாகக் கொடுத்தார். லினா ரோஜர்ஸ் என்ற கனடாக்காரர். நான்கு பள்ளிகள், ஏறத்தாழ 10,000 பிள்ளைகள். ரோஜர்ஸ் செய்தது பெரிய மருத்துவம் ஒன்றும் கிடையாது. சின்னப் புண்களுக்குப் பள்ளியிலேயே மருந்து போட்டுப் பிள்ளையை வகுப்புக்கே திருப்பி அனுப்பினார். பெரிய நோய் என்றால் சாயங்காலம் அந்த வீட்டின் மாடிப்படி ஏறிப் போனார். தலையை எப்படி அலசுவது, களிம்பை எங்கே இலவசமாக வாங்கலாம், எந்த நாளில் எந்த மருத்துவமனையில் கண் பார்ப்பார்கள் என்று தாயின் அருகில் உட்கார்ந்து சொன்னார். 1902 செப்டம்பரில் நோய் காரணமாக நகரப் பள்ளிகளிலிருந்து விலக்கப்பட்டவர்கள் 10,567 பேர். ரோஜர்ஸைப் போல மேலும் செவிலியர்கள் வந்தபின், அடுத்த ஆண்டு அதே செப்டம்பரில், அது 1,101 ஆகக் குறைந்தது. மருத்துவர்களின் சீட்டுக்குப் பணியாத பெற்றோர் என்று எண்ணப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஒரே ஆண்டில் ஒத்துழைக்கிறவர்களாக மாறிவிட்டார்கள். உண்மையில் அவர்கள் மாறவில்லை. சீட்டுக்குப் பதில் ஓர் ஆள் வந்திருந்தார், அவ்வளவுதான்.

பள்ளிச் செவிலியர்களைப் பற்றி நான் படித்ததிலும் கேட்டதிலும் திரும்பத் திரும்ப இந்த ஒன்றையே பார்க்கிறேன். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதபோது பெற்றோர் முரண்டு பிடித்தால், பெரும்பாலும் அதன் பின்னால் அவர்களுக்கு இல்லாத ஏதோவொன்று இருக்கிறது. விடுப்பு, பணம், விவரம், நம்பிக்கை ஆகியவற்றில் எது இல்லை என்று கண்டுபிடிப்பதுதான் செவிலியரின் வேலையில் பாதி. அதைக் கண்டுபிடிக்க நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் எந்த அரசும் கொடுப்பதில்லை.

இன்றைய அமெரிக்கப் பள்ளியில் நர்ஸ் அறை என்பது இரண்டு கட்டில், ஒரு கைகழுவும் தொட்டி, பூட்டிய மருந்து அலமாரி, கணினி, ஓயாத தொலைபேசி. காலை பத்தரை, பதினோரு மணிக்கு அங்கே கூட்டம் சேரும். அதற்கு ஒரு காரணம் உண்டு. காய்ச்சல் குறைய ஒரு முறை கொடுக்கும் பாரசிட்டமால் நாலைந்து மணி நேரம்தான் தாக்குப்பிடிக்கும். ஆறரை மணிக்கு வீட்டில் சிரப் குடித்துவிட்டு வந்த பிள்ளைக்குப் பத்தரை மணிக்கு உடம்பு மறுபடி கொதிக்கத் தொடங்கும். கன்னம் சிவந்து, கண் சொருகி, ஆசிரியர் கையைப் பிடித்துக்கொண்டு வரும். வெப்பமானியில் 100.4 டிகிரிக்கு மேல் காட்டினால் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் திரும்பி வரலாம் என்பது பெரும்பாலான பள்ளிகளின் விதி. "காலையில் அம்மா மருந்து கொடுத்தாங்களா?" என்று செவிலியர் கேட்பார். சின்னப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "இளஞ்சிவப்பு மருந்து குடிச்சேன், யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க" என்று சொல்லிவிடும்.

இனி போன். அம்மாவின் எண் அடித்து ஓய்கிறது. அப்பாவின் எண் மாறிவிட்டது. அவசரத்துக்குக் கொடுத்த மூன்றாவது எண் அத்தையுடையது, அவர் வேறு மாநிலத்தில் இருக்கிறார். அரை மணி நேரம் கழித்து அம்மாவே அழைத்து, ஷிப்ட் முடிய மூன்று மணி ஆகும், அதுவரை பிள்ளை அங்கேயே படுத்திருக்கட்டும் என்கிறார். செவிலியருக்குக் கோபம் வருவது இயல்பு. அந்தக் கட்டிலில் கிடக்கும் பிள்ளையால் அடுத்த கட்டிலில் இருக்கும் பிள்ளைக்கும் தொற்றும், இவருக்கும் தொற்றும். ஆனால் அமெரிக்காவில் தனியார் ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு நோய் விடுப்பு தரச் சொல்லும் நிரந்தரமான தேசியச் சட்டம் ஏதும் கிடையாது. 1993ஆம் ஆண்டின் குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டம் 12 வாரம் தருகிறது என்றாலும், அதற்குச் சம்பளம் கிடையாது. தனியாரில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கே அது பொருந்தும். கடுமையான நோய்க்கே உதவும். சளிக்காய்ச்சலுக்கு அதைக் காட்டி விடுப்பு கேட்க முடியாது. சான் பிரான்சிஸ்கோ நகரம் 2006இலும் கனெக்டிகட் மாநிலம் 2011இலும் சம்பளத்தோடு நோய் விடுப்பைச் சட்டமாக்கி வழிகாட்டின. பின்னர் வேறு சில மாநிலங்களும் சேர்ந்தன. மற்ற இடங்களில் கிடங்கிலும் உணவகத்திலும் மணிக்கூலிக்கு வேலை பார்க்கும் தாய், பிள்ளையை அழைத்துப்போக வந்தால் அன்றைய கூலி போகும். மூன்றாவது முறை வந்தால் வேலையே போகக்கூடும். காலையில் அந்த சிரப்பை ஊற்றிய கைக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

இதில் பள்ளி நிர்வாகமே இரண்டு குரலில் பேசுகிறது. பள்ளி நாட்களில் பத்தில் ஒன்று தவறினால் நீடித்த வராமை என்று பதிவாகும். எச்சரிக்கைக் கடிதம் வரும். சில மாநிலங்களில் பெற்றோரை நீதிமன்றத்துக்கு இழுக்கவும் சட்டம் உண்டு. உடம்பு முடியாவிட்டால் வீட்டில் வையுங்கள் என்று செவிலியர் சொல்லும் அதே வாரத்தில், பிள்ளை ஏன் வரவில்லை என்று அலுவலகம் மிரட்டுகிறது. ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத பிள்ளைக்கு ஆண்டு விழாவில் பரிசு கொடுக்கும் வழக்கம் நம் ஊரிலும் உண்டு. அந்தப் பரிசை நிறுத்திவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காய்ச்சலோடு வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைக்கு மேடையில் கைதட்டுவது அதன் அம்மாவுக்கு நாம் அனுப்பும் தவறான செய்தி.

ஒத்துழைக்காத பெற்றோரில் இதற்கு நேர் எதிரான இன்னொரு வகையும் உண்டு. அவர்கள் மற்றவர் பிள்ளையை வெளியே அனுப்பச் சொல்கிறவர்கள். பேன் விஷயத்தில் இது நன்றாகத் தெரியும். பிரிட்டனில் பள்ளிச் செவிலியரை ஒரு காலத்தில் பேன் பார்ப்பவர் என்ற பொருளில் நிட் நர்ஸ் என்றே அழைத்தார்கள். வரிசையில் நிற்கவைத்துத் தலையைக் கிளறுவார். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் இப்போது சொல்வது வேறு. பேன் எந்தக் கொடிய நோயையும் பரப்பாது, தலையை விட்டு விழுந்தால் ஓரிரு நாளில் செத்துப்போகும், கண்ணில் படும்போது அந்தத் தலையில் பெரும்பாலும் ஒரு மாதமாகவே இருந்திருக்கும். ஆகவே நலமாக உள்ள பிள்ளையைப் பேனுக்காகவோ ஈருக்காகவோ பள்ளியிலிருந்து விலக்க வேண்டியதில்லை என்கிறது கழகம். இதைச் செவிலியர் சொன்னால் வகுப்பிலுள்ள மற்ற பெற்றோர் கொதித்தெழுகிறார்கள். எந்தப் பிள்ளைக்குப் பேன் என்று பெயர் கேட்கிறார்கள். பெயரைச் சொல்லச் செவிலியருக்கு உரிமை இல்லை. பேன் உள்ள பிள்ளையின் தாயோ வெட்கத்தில் பள்ளிப் பக்கமே வருவதில்லை. இந்த இரண்டு பேரில் முதலில் பார்க்க வேண்டியவர் வெட்கப்படும் தாய்தான். அவர் வீட்டில் பேன்சீப்பும் மருந்தும் வாங்க வழி இருக்கிறதா, தலை பார்க்கப் பொழுது இருக்கிறதா என்று கேட்டால் பாதிச் சிக்கல் முடியும்.

மருந்து கொடுப்பதில் வரும் தகராறுகள் தனி. அமெரிக்கப் பள்ளிகளில் ஒரு மாத்திரையைக் கொடுப்பதென்றால் பெரும்பாலும் மருத்துவரின் எழுத்து உத்தரவு, பெற்றோரின் கையெழுத்து, கடையில் கொடுத்த லேபிள் ஒட்டிய அசல் டப்பா மூன்றும் வேண்டும். அங்கே குடியேறிய நம்மவர்களுக்கு இது முதலில் எரிச்சலாக இருக்கிறது. ஊரிலிருந்து கொண்டுபோன டோலோ மாத்திரையைப் பாதியாக உடைத்துத் தாளில் மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்து அனுப்புவார்கள். செவிலியர் அதைப் பறிமுதல் செய்துவிட்டுக் கூப்பிட்டால், நம் பிள்ளைக்கு நாம் கொடுத்த மாத்திரையைத் தடுக்க இவர் யார் என்று தோன்றும். நடுவில் சிக்கிக்கொள்வது ஆஸ்துமாவும் முதல் வகை நீரிழிவும் உள்ள பிள்ளைகள். இன்ஹேலர் தீர்ந்துபோயிருக்கும், புதிதாக வராது. இன்சுலின் அளவு மாறியிருக்கும், உத்தரவு பழையதாகவே இருக்கும். பள்ளிச் செவிலியர் எழுதும் குறிப்புகள் கல்வி ஆவணம் என்ற கணக்கில் 1974ஆம் ஆண்டின் கல்வித் தனியுரிமைச் சட்டத்தின்கீழ் வருகின்றன. மருத்துவமனைக் குறிப்புகளுக்கு வேறு சட்டம். பிள்ளையின் மருத்துவரோடு செவிலியர் தாராளமாகப் பேசித் தகவல் பரிமாற வேண்டுமென்றால் பெற்றோரின் ஒப்புதல் கேட்பதுதான் நடைமுறை. அந்த ஒற்றைக் கையெழுத்துக்காக மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

சட்டம் பெற்றோர் பக்கம் நின்று பள்ளியை வழிக்குக் கொண்டுவந்த கதையும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் படம் கோணலாகிவிடும். டெக்ஸாஸ் மாநிலத்தில் சிறுநீரை மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை குழாய் வைத்து எடுக்க வேண்டிய ஒரு சிறுமிக்கு அதைச் செய்ய மாட்டோம் என்று பள்ளி மாவட்டம் மறுத்தது. 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், செவிலியர் செய்யக்கூடிய வேலை என்பதால் பள்ளியே செய்தாக வேண்டும் என்றது. 1999இல் அயோவா மாநிலத்தின் சீடார் ராப்பிட்ஸ் பள்ளி மாவட்டம் தொடர்பான வழக்கில், சுவாசக் கருவியோடு வாழும் மாணவனுக்குப் பகல் முழுவதும் ஒருவர் உடனிருக்க வேண்டுமென்றாலும் செலவைக் காரணம் காட்ட முடியாது என்றது. இந்த வழக்குகளில் நிர்வாகத்தின் கண்ணுக்கு அந்தப் பெற்றோர் தொல்லை பிடித்தவர்கள். அவர்கள் பிடிவாதம் பிடிக்காமல் இருந்திருந்தால், கடும் நோயுள்ள பல பிள்ளைகள் இன்றும் வீட்டிலேயே முடங்கியிருப்பார்கள்.

தடுப்பூசியில் மறுப்பு வேறு மாதிரி. 2014 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் தொடங்கிய தட்டம்மைப் பரவலுக்குப் பிறகு, அந்த மாநிலம் சொந்த நம்பிக்கையின் பேரில் விலக்கு கேட்கும் உரிமையை 2015இல் நீக்கியது. நியூயார்க் மாநிலம் 2019இல் மத விலக்கை நீக்கியது. சட்டத்தைச் சபையில் நிறைவேற்றுகிறவர்கள் வேறு. வாசலில் நின்று, சான்றிதழ் இல்லை, பிள்ளையை உள்ளே விட முடியாது என்று சொல்லி வசவு வாங்குகிறவர் செவிலியர்.

இத்தனை வேலைக்கும் ஆள் எத்தனை? ஒவ்வொரு பள்ளிக்கும் முழுநேரச் செவிலியர் ஒருவராவது வேண்டும் என்று குழந்தை மருத்துவர் கழகம் 2016இல் சொன்னது. 2018இல் வெளியான நாடு தழுவிய ஆய்வொன்றில், அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் 39 விழுக்காட்டில் முழுநேரச் செவிலியரும் 35 விழுக்காட்டில் பகுதிநேரச் செவிலியரும் இருந்தார்கள். நான்கில் ஒரு பள்ளியில் யாருமே இல்லை. செலவைக் காட்டி மறுப்பவர்களுக்கு மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கணக்கு ஒன்று உண்டு. அங்கே நடந்த திட்டத்தை ஆராய்ந்து 2014இல் வெளியான கட்டுரை, செவிலியருக்குச் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் 2.20 டாலர் மிச்சமாவதாகச் சொன்னது. மருத்துவச் செலவு, ஆசிரியரின் நேரம், வேலையை விட்டு ஓடிவரும் பெற்றோரின் கூலி எல்லாம் அதில் அடக்கம். பணக்கணக்கில் வராத பயனும் இருக்கிறது. 2009 ஏப்ரலில் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் செயின்ட் பிரான்சிஸ் பள்ளிச் செவிலியர் மேரி பாப்பாஸ், தன் அறைக்கு முன்னால் காய்ச்சலோடு மாணவர்கள் கூட்டமாக நிற்பதைப் பார்த்ததும் நகரச் சுகாதாரத் துறைக்குத் தகவல் சொன்னார். அந்த நகரத்தில் எச்1என்1 பன்றிக் காய்ச்சல் பரவல் முதலில் வெளிப்பட்டது அப்படித்தான். அன்று அவர் அங்கே இல்லாதிருந்தால் அத்தனை பேரும் தனித்தனி வீடுகளுக்குத் தனித்தனிக் காய்ச்சல்களாகப் போயிருப்பார்கள்.

இவ்வளவும் சொன்னபின்னும் ஒரு மிச்சம் இருக்கிறது. விடுப்பும் இருந்து, காசும் இருந்து, எடுத்துச் சொன்னபின்னும் பிள்ளையைக் கவனிக்காத பெற்றோர் சிலர் உண்டு. அழுகிய பல்லின் வலியில் மாதக்கணக்கில் சாப்பிட முடியாத பிள்ளை, அடிபட்ட தழும்புக்கு ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் காரணம் சொல்லும் பிள்ளை. அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் பள்ளிச் செவிலியர் இதைக் குழந்தைப் பாதுகாப்புத் துறைக்குச் சொல்லியே தீர வேண்டும். இந்தியாவில் பாலியல் வன்முறை பற்றித் தெரிந்தவர் சொல்லாமல் விட்டால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். கடினமானது எங்கே கோடு போடுவது என்பதுதான். வறுமையைப் புறக்கணிப்பு என்று எழுதிவிட்டால் ஒரு குடும்பமே சிதறும். அமெரிக்காவில் கறுப்பினக் குடும்பங்கள் மீது அளவுக்கு அதிகமாகப் புகார்கள் போவது நெடுநாள் வேதனை. எழுதாமல் விட்டால் பிள்ளை சிதையும். அந்த வீட்டுக்கு ஒருமுறையாவது போய் வந்தவருக்கே இந்த வித்தியாசம் புரியும்.

நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் பள்ளிப் பிள்ளைகளை மருத்துவர் சோதிக்கும் வழக்கம் 1909இல் பரோடாவில் தொடங்கியது. 1960இல் ரேணுகா ராய் தலைமையில் மத்திய அரசு பள்ளிச் சுகாதாரக் குழு ஒன்றை அமைத்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2013இல் வந்த தேசிய குழந்தைகள் நலத் திட்டம். மருத்துவர்கள் இருவர், செவிலியர் ஒருவர், மருந்தாளுநர் ஒருவர் கொண்ட குழு வண்டியில் வரும். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, பள்ளிக்கு ஒரு முறை. மற்ற நாட்களில் பிள்ளைக்கு உடம்பு முடியாவிட்டால் வகுப்பாசிரியரும் முதலுதவிப் பெட்டியும்தான். 2020இல் மத்திய அரசு பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை நலத் தூதுவர்களாக நியமிக்கச் சொன்னது. பாடம், தேர்வு, கணக்கெடுப்பு, தேர்தல் வேலை எல்லாவற்றுக்கும் மேலே இதுவும்.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளையை நம் ஆசிரியர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். நிழலில் படுக்கவைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, "காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்டால் பதில் வராது. ஆறு மணிக்கே கட்டட வேலைக்குக் கிளம்பிவிடும் அம்மாவிடம் அதைக் குற்றமாகச் சொல்வதால் என்ன பயன்? 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தை நான் ஒரு மருத்துவத் திட்டமாகவே பார்க்கிறேன். பெற்றோருக்கு அறிவுரை சொல்வதை விட்டுவிட்டு, அவர்களிடம் இல்லாததைக் கொடுத்த திட்டம் அது. வயிற்று வலி என்று தலைகுனிந்து நிற்கும் எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு மாதவிடாய் என்பதை ஆண் ஆசிரியரிடம் சொல்ல முடியாது. புதுயுகம் திட்டத்தில் நாப்கின் வருகிறது. மாற்றிக்கொள்ள இடமும் கேட்க ஒரு பெண்ணும் இல்லாத பள்ளியில் அவள் வீட்டுக்குப் போவதையே தேர்ந்தெடுக்கிறாள்.

பெற்றோரின் மறுப்பு நம்மிடம் பெரும்பாலும் மாத்திரைகளின் மேல்தான் வருகிறது. வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒன்று என்று கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை எடுத்துக்கொள்வோம். அதைச் சாப்பிட்டால் மறுநாள் மலம் கறுப்பாகப் போகும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், பிள்ளையின் உடம்புக்குள் என்னவோ நடக்கிறது என்று தாய் பதறுவார். அடுத்த வாரம் "வாங்கி வாயில போட்டுக்கிட்டு வெளிய வந்து துப்பிடு" என்று சொல்லி அனுப்புவார். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 நாட்களில் கொடுக்கும் குடற்புழு மாத்திரைக்கும் இதே கதி. ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் ஊரே வாசலுக்கு வந்துவிடும்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டில் நடந்தபோது இது உச்சத்துக்குப் போனது. ஒன்பது மாதக் குழந்தை முதல் 15 வயதுவரை எல்லோருக்கும் ஊசி. வாட்ஸ்அப்பில் ஏதேதோ கிளம்பியது; பிள்ளைகளை அன்று பள்ளிக்கே அனுப்பாத பெற்றோர் ஏராளம். முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. படித்தவர்களும் தனியார் பள்ளிப் பெற்றோரும் இதில் நிறையவே இருந்தார்கள். கழுத்தறுப்பு வதந்தியை நம்பிய அந்தத் தாய்மார்களுக்கும் இவர்களுக்கும் பொதுவானது ஒன்று உண்டு: பிள்ளையின் உடம்பில் எதையோ செய்யப்போகிறார்கள், கேட்டுத் தெளிய எதிரில் ஆள் இல்லை. எங்கெல்லாம் கிராம சுகாதார செவிலியரை ஊருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறதோ அங்கே கேள்வி அவரிடம் போகும்; வாட்ஸ்அப்பிடம் போகாது. பிரசவம் பார்க்க வந்த நர்ஸம்மா சொன்னால் கேட்பார்கள். அவருக்கோ சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் என்ற கணக்கு. கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, கணினிப் பதிவேற்றம் எல்லாம் முடித்துத்தான் பள்ளி.

வைத்தியத்தை மறுப்பதையும் நோயாளியைத் தனியே வைப்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அம்மை போட்ட பிள்ளையை எந்தத் தமிழ்த் தாயும் பள்ளிக்கு அனுப்பமாட்டார். ஆத்தா வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை உள்ளேயே வைத்திருப்பார். கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை சின்னம்மை தொற்றும் என்பதால், பள்ளி கேட்பதற்கு மேலாகவே அவர் செய்துவிடுகிறார். டாக்டரிடம் காட்ட மட்டும் மாட்டேன் என்பார். அந்தத் தாயிடம் மூடநம்பிக்கை என்று பேச்சைத் தொடங்குகிற செவிலியர் அந்த வீட்டுக்குள் மறுபடி நுழைய முடியாது. பிள்ளைக்கு மூச்சு வாங்கினாலோ, நினைவு தப்பினாலோ, கொப்புளத்தில் சீழ் வைத்தாலோ உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறவரை அந்த வீடு ஏற்கும்.

நம் முறை உடையும் இடம் பரிசோதனைக்குப் பிறகுதான். நடமாடும் குழு நெஞ்சில் ஸ்டெத்தை வைத்து இதயத்தில் முணுமுணுப்புக் கேட்கிறது என்று மாவட்ட மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கும். "ஓடியாடி விளையாடுறான், இவனுக்கு என்ன நோய்?" என்பார் அப்பா. அறுவை சிகிச்சை என்ற சொல்லே வீட்டைக் கலக்கிவிடும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசம் என்று தெரிந்தாலும், பேருந்துக் கூலியும் நான்கைந்து நாள் சம்பளமும் இலவசம் கிடையாது. புறநோயாளிப் பிரிவு காலையோடு முடிந்துவிடும். எக்கோ எடுக்க இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். 2009இல் தொடங்கிய கண்ணொளி காப்போம் திட்டத்தில் கண்ணாடி கொடுத்தால், பெண் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் நாளைக்கு வரன் அமையாது என்று பெட்டியில் வைத்துப் பூட்டும் வீடுகள் உண்டு. இந்தச் சீட்டுகள் 1902க்கு முந்தைய நியூயார்க் மருத்துவர்களின் சீட்டுகள்தான். கொடுத்தாயிற்று என்று பதிவேட்டில் ஏறிவிடுகிறது. அந்த வீட்டுப் படியேறிப் போய், எந்த நாள் வரமுடியும், யார் கூட வருவார், அங்கே யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு முடிக்கும் வேலை யாருடைய வேலை என்று எங்கும் எழுதப்படவில்லை.

பள்ளிக்கொரு செவிலியர் என்று கேட்டால் ஆளுக்கு எங்கே போவது என்பார்கள். செவிலியர் கல்லூரிகளுக்குத் தமிழ்நாட்டில் குறைவில்லை. படித்து முடித்தவர்கள் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் வரிசையில் நிற்கிறார்கள். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வு எழுதி வந்தவர்களையே மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வைத்தது அரசு. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் தெருவில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் உடனே முடியாது என்றால், பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றுக்குச் சேர்த்து ஒருவரை, காலமுறை ஊதியத்தில், வீடுகளுக்குப் போவதையும் வேலை நேரமாகக் கணக்கிட்டு நியமிக்கலாம். லினா ரோஜர்ஸுக்கு முதலில் கொடுத்ததும் நான்கு பள்ளிகள்தான்.